சந்தாபுரம் டு பெள்ளந்தூர்: எந்த ரிங் ரோடு வந்தா என் காலை நேரம் மிச்சமாகும்?

#1 சந்தாபுரவாசி
வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போவேன். இதுதான் முதல் பதிவு, கொஞ்சம் நீளம்.

வீடு பெங்களூருக்குத் தெற்கால, ஓசூர் ரோட்டுல, சந்தாபுரம் சர்க்கிள் பக்கம். ஆபீஸ் பெள்ளந்தூர், அவுட்டர் ரிங் ரோடு மேலயே. காலை 7.40க்கு காரை எடுப்பேன். பொம்மசந்திரா, ஹெப்பகோடி எல்லாம் ஊர்ந்து வந்து, எலக்ட்ரானிக் சிட்டியில் டோல் கட்டி மேம்பாலத்தில் ஏறிட்டா பத்து நிமிஷம் ராஜா வாழ்க்கை. அப்புறம் இறங்கணும். இறங்குற சரிவிலிருந்து சில்க் போர்டு ஜங்ஷன் கண்ணுக்குத் தெரியுது. அந்தக் கண்ணுக்குத் தெரியுற தூரத்துக்கு நேத்து 32 நிமிஷம். பக்கத்து கார்ல ஒரு அம்மா பிள்ளைக்கு இட்லி ஊட்டி, வாய் துடைச்சு, டப்பாவை மூடி, பையில வச்சு, பையனுக்குத் தலையும் வாரி விட்டுட்டாங்க. நான் அதே பேனர் முன்னாடி நிக்கிறேன்.

மாமனார் ஓசூர்க்காரர். "மாப்ளே, எஸ்.டி.ஆர்.ஆர். (சாட்டிலைட் டவுன் ரிங் ரோடு) வருது, பி.ஆர்.ஆர். (பெரிஃபெரல் ரிங் ரோடு) வருது, சர்ஜாபுரம் தாண்டி ஒரு வீட்டு மனை சைட்டைப் போட்டு வை. அஞ்சு வருஷத்துல ஆபீசுக்கு இருபது நிமிஷம்"னு ஞாயிறு தோறும் பாட்டு. புரோக்கர் ஒரு மேப் அனுப்பினார். மூணு ரிங் ரோடும் அந்த சைட் வாசல்லயே கோலம் போட்ட மாதிரி போகுது. நிஜமா எது எங்க வருது, எனக்கு எதால பிரயோஜனம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 அல்சூர்_அக்கா (நடத்துநர்)
வாங்க தம்பி. ஒரே ஒரு விதி: சைட் விலை, புரோக்கர் நம்பர் இங்க போடக்கூடாது. மத்தபடி சில்க் போர்டைத் திட்ட இந்த ஊர்ல யாருக்கும் அனுமதி தேவையில்ல.

#3 நாலுவழி
நெடுஞ்சாலை வடிவமைப்பில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் திருச்சி, இப்போது ஜெயநகர்.

புரோக்கர் மேப்பை ஓரமாக வையுங்கள். வளையங்களை உள்ளேயிருந்து எண்ணுவோம். கோரமங்களா - தொம்லூர் இன்னர் ரிங் ரோடு பெயருக்குத்தான் வளையம், உண்மையில் ஒரு துண்டு. அடுத்தது நீங்கள் வேலை செய்யும் அவுட்டர் ரிங் ரோடு, சுமார் 60 கி.மீ. இது 2002 வாக்கில் முடிந்தபோது நிஜமாகவே ஊருக்கு வெளியே இருந்தது. லாரிகளை ஊருக்குள் விடாமல் சுற்றி அனுப்பப் போட்ட சாலை. பிறகு அதன் ஓரத்தில் ஐ.டி. பூங்காக்கள் வரிசை கட்டின, புறவழிச்சாலை கடைவீதி ஆகிவிட்டது.

மூன்றாவது, மேற்கே நைஸ் ரோடு. 1997 ஒப்பந்தத்தில் வந்தது. துமகூரு ரோட்டிலிருந்து மைசூரு ரோடு, கனகபுரா ரோடு வழியாக ஓசூர் ரோடு வரை 41 கி.மீ., டோல் சாலை. இது அரை வட்டம். கிழக்கு அரை வட்டம்தான் பி.ஆர்.ஆர்.: துமகூரு ரோடு, பல்லாரி ரோடு, பழைய மெட்ராஸ் ரோடு, ஓசூர் ரோடு, சுமார் 73 கி.மீ. பெயரைக் கூட இப்போது பெங்களூரு பிசினஸ் காரிடார் என்று மாற்றிவிட்டார்கள். நிலம் எடுக்க முதல் அறிவிக்கை 2005. இறுதி அறிவிக்கை 2007. உங்களுக்கு அப்போது என்ன வயது?

நான்காவது எஸ்.டி.ஆர்.ஆர். தேசிய நெடுஞ்சாலை 948ஏ, சுமார் 280 கி.மீ. தொப்பஸ்பேட்டை, தொட்டபள்ளாபுரம், தேவனஹள்ளி, ஹொஸ்கோட்டை, சர்ஜாபுரம், அத்திப்பள்ளி, ஆனேக்கல், கனகபுரா, ராமநகரா, மாகடி என்று துணை நகரங்களைத் தொட்டுப் போகிறது. ஓசூர் பக்கம் தமிழ்நாட்டுக்குள்ளும் ஒரு துண்டு உண்டு. தொப்பஸ்பேட்டை முதல் ஹொஸ்கோட்டை வரை வடக்கு வில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் எதுவும் சந்தாபுரத்திலிருந்து பெள்ளந்தூருக்குப் போடப்பட்டதல்ல. மாமனாரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

#4 சந்தாபுரவாசி
2005-ல நான் ஒன்பதாவது சார். 😐

#5 ராகிக்காடு
பி.ஆர்.ஆர். பத்தி நான் சொல்றேன். மனைவி வீட்டு நிலம் சர்ஜாபுரம் பக்கம், அறிவிக்கைக்குள்ள மாட்டினது. ஊர் பேர் வேண்டாம்.

நிலத்தோட வடக்கு மூலையில ஒரு சர்வே கல். கல்யாணத்துக்கு முன்னாடி நான் பொண்ணு பார்க்கப் போனப்பவே அது இருந்துச்சு. மாமனார் அதை வெறுப்பா "பிள்ளையார்"னு தான் சொல்லுவார். கும்பிடவும் முடியல, எடுக்கவும் முடியல. ராகி போட்டுட்டு இருந்த இடம். போர் போட்டா நாளைக்கு ரோட்டுக்குப் போயிடுமேன்னு போடல. பேங்க்ல கடன் கேட்டா ஆர்.டி.சி.யை (நிலப் பதிவேடு) பார்த்ததுமே திருப்பிக் கொடுத்துடுவாங்க. அண்ணன் தம்பி பாகம் பிரிக்க முடியல, யார் பங்குல ரோடு வரும்னு சண்டை. கடைசில நீலகிரி (தைல) மரம் நட்டு விட்டுட்டாங்க. வெட்டி வித்து, மறுபடி துளிர்த்து, மறுபடி வெட்டினாங்க. ரோடு மட்டும் வரல.

பெங்களூர்ல ஐ.டி. பசங்க "நிலம் கொடுக்காம விவசாயிங்க தடுக்கிறாங்க"ன்னு பேசுறப்ப எரியும். கொடுக்க மாட்டேன்னு யாரும் சொல்லல. 2007 விலைக்கு இப்போ கேக்காதேன்னு தான் சொல்றாங்க.

#6 நாலுவழி
ராகிக்காடு சொல்வதில் சட்டச் சிக்கல் ஒன்று இருக்கிறது. 2013-ல் மத்திய அரசு கொண்டுவந்த நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் இழப்பீடு அதிகம். ஆனால் பி.ஆர்.ஆருக்கு நிலம் எடுக்கும் பெங்களூரு வளர்ச்சி ஆணையத்துக்கு 1976-ம் வருடத்துச் சட்டம் தனியாக உண்டு. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஆணையம் எடுக்கும் நிலத்துக்குப் பழைய சட்டப்படிதான் என்று சொல்லிவிட்டது. அதே வட்டாரத்தில் நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவருக்கு ஒரு கணக்கு, பி.ஆர்.ஆருக்குக் கொடுப்பவருக்கு வேறு கணக்கு. பக்கத்துப் பக்கத்து வயல். யார் கையெழுத்துப் போடுவார்?

2024-ல் இந்தச் சாலைக்குச் சொன்ன மதிப்பீடு 27,000 கோடி. அதில் பெரும்பகுதி தார், கான்கிரீட்டுக்கு அல்ல, நிலத்துக்கு. 2007-லேயே எடுத்திருந்தால் இதில் எவ்வளவு மிச்சம் என்று நீங்களே யோசியுங்கள்.

#7 பதினாறு_சக்கரம்
ஓசூர் சிப்காட்ல லோடு ஏத்துறவன் நான், சொந்தமா மூணு வண்டி. ரிங் ரோடு யாருக்குன்னு என்னைக் கேளுங்க.

வண்டி எங்க போகுதுங்கறதை வச்சு தான் ரோடு. சென்னை லோடு புனே போகணும்னா, முன்னெல்லாம் ஹொஸ்கோட்டை வந்து, கே.ஆர்.புரம், ஹெப்பால், கொரகுண்டேபாளையான்னு ஊருக்குள்ளயே உருளணும். இப்போ ஹொஸ்கோட்டையிலயே திரும்பி தொப்பஸ்பேட்டை போய் ஏறிடுறோம். சுமாரா 80 கிலோமீட்டர். இதுக்கு நான் கைதட்டுவேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஹைதராபாத் லோடு: அத்திப்பள்ளி - ஹொஸ்கோட்டை துண்டு முழுசா ஆச்சுன்னா தேவனஹள்ளியில ஏறிடலாம். அதுவும் சரி.

ஆனா ஓசூர் டு துமகூரு? கிழக்கால சுத்தினா நூத்தம்பது கிலோமீட்டர் பக்கம் வரும். நைஸ் ரோட்டுல போனா அதைவிட ரொம்பக் கம்மி. டீசல் யார் கொடுப்பா? டிரைவரும் போகமாட்டார். மேப்ல வட்டம் வரைஞ்சா அழகா தான் இருக்கு. எங்க ஆளுங்க வட்டத்தைப் பார்க்க மாட்டாங்க, டோல் பிளஸ் டீசல் பிளஸ் நேரம், மூணையும் மனசுலயே கூட்டிடுவாங்க.

இன்னொன்னு. காலையும் சாயங்காலமும் ஊருக்குள்ள பெரிய வண்டிக்குத் தடை. ஊருக்குள்ள டெலிவரி இருக்கிற வண்டி என்ன பண்ணும்? அத்திப்பள்ளி தாண்டி சர்வீஸ் ரோட்டுல ஓரங்கட்டி நிக்கும். டிரைவர் டீ குடிப்பார், தூங்குவார், தக்காளி வாங்கி அங்கயே சாம்பார் வைப்பார். அப்போ சர்வீஸ் ரோட்டுல வரவேண்டிய பைக்கும் ஷேர் ஆட்டோவும் மெயின் ரோட்டுக்கு ஏறுது. சந்தாபுரம் தம்பி ஊர்ந்து வர்றாரே, அதுல எங்க பங்கும் இருக்கு. லாரி நிக்க ஒரு இடம், கக்கூஸோட, குழாயோட, ஊருக்கு வெளிய கட்டிக் கொடுத்தா ரோடு போடாமலே ஒரு லேன் கிடைக்கும்.

#8 அல்சூர்_அக்கா
கடைசி வரி நல்ல வரி அண்ணா. யாராவது கார்ப்பரேட்டர் ஆனா ஞாபகம் வையுங்க.

#9 கீபோர்டு_கிருஷ்ணகிரி
எதுக்கு இவ்வளவு பேச்சு. ஹெப்பால் டு சில்க் போர்டு சுரங்கச் சாலை வருதே, கிட்டத்தட்ட 17 கி.மீ. தரைக்கு அடியில போயிட்டா சிக்னலும் இல்ல, சர்வீஸ் ரோடு லாரியும் இல்ல.

#10 சந்தாபுரவாசி
அதோட தெற்கு வாசல் எங்க தம்பி? சில்க் போர்டு. நான் அங்க தான் நிக்கிறேன். நீங்களும் கீழயிருந்து வந்து நில்லுங்க.

#11 நாலுவழி
சிரிப்பாகச் சொன்னாலும் சரியாகச் சொன்னார். இதைக் கொஞ்சம் விளக்க ஆசை. பொறுமை இல்லாதவர்கள் அடுத்த பதிவுக்குப் போய்விடுங்கள்.

ஒரு லேனில் தடையில்லாமல் ஓடினால் மணிக்கு 1,800 முதல் 2,000 கார் வரை போகும். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் 2010-ல் திறந்தது, ஒரு பக்கத்துக்கு இரண்டு லேன், சுமார் 10 கி.மீ. மேலே சிக்னல் இல்லை, கடை இல்லை, குறுக்கே ஓடும் ஆள் இல்லை. ஆக மணிக்கு 3,500 கார் சிரமமில்லாமல் வந்து சேரும். சேரும் இடத்தில் கீழேயிருந்து ஓசூர் ரோட்டுப் பேருந்துகள் இடமிருந்து வலம் வரவேண்டும், மேலிருந்து இறங்கிய கார்களில் எச்.எஸ்.ஆர். லேஅவுட் போகிறவர்கள் வலமிருந்து இடம் போகவேண்டும். இரண்டும் ஒரே இருநூறு முந்நூறு மீட்டருக்குள். துணி நெய்வது போல் குறுக்கும் நெடுக்குமாகப் பாயும்போது அந்த இடத்தில் லேன் கணக்கே கிடையாது. அதற்கப்புறம் சிக்னல் பச்சை. பச்சை கிடைப்பது ஒரு சுற்றில் பாதி நேரம் கூட இல்லை. வருவது 3,500, போக முடிவது அதில் பாதி. மீதி நிற்கும். எங்கே? பாலத்தின் மேல். அதாவது பத்து கிலோமீட்டர் பாலம் உங்களுக்குக் கொடுத்தது, வரிசையின் வாலுக்கு வேகமாகப் போய்ச் சேரும் வசதி.

2024 ஜூலையில் ராகிகுட்டாவிலிருந்து சில்க் போர்டு வரை இரட்டை அடுக்கு மேம்பாலம் திறந்தார்கள். மேலே மெட்ரோ, நடுவில் வாகனம். அதனால் பி.டி.எம். லேஅவுட் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு நிம்மதி, பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒரு திசையைத் திறந்தால் அடுத்த முடிச்சு அவுட்டர் ரிங் ரோட்டில் இப்ளூரில் இறுகுகிறது. சாலைத் திட்டம் என்பது கிலோமீட்டர் அல்ல. சேரும் இடம், பிரியும் இடம், பேருந்து நிற்கும் இடம், இவைதான். வரைபடத்தில் இவை புள்ளி அளவு, அதனால் யாரும் பார்ப்பதில்லை.

#12 கீபோர்டு_கிருஷ்ணகிரி
அப்போ எந்த ரோடும் போடாம இருக்கணுமா சார்? ஊர் வளருதே.

#13 நாலுவழி
போடவேண்டும். எஸ்.டி.ஆர்.ஆரை முதலில் முடிக்கவேண்டும், அதுவும் கிழக்குப் பக்கத்தை. பதினாறு சக்கரம் சொன்ன காரணத்துக்காக: ஊருக்கு வேலையே இல்லாத வண்டி ஊருக்குள் வரவேண்டாம். ஆனால் அதில் இறங்கு வழிகளைக் கண்ட இடத்தில் கொடுத்து, ஓரமாக லேஅவுட் போட விட்டால், இருபது வருடத்தில் அது இன்னொரு அவுட்டர் ரிங் ரோடு. உங்கள் மாமனார் சைட் வாங்கச் சொல்வதே அந்த வேலையின் ஆரம்பம்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

#14 மெட்ரோ_மீனா
ஏன் யாரும் மெட்ரோ மஞ்சள் லைன் சொல்லல? 2025 ஆகஸ்ட் 10-ல் திறந்தாங்க, ஆர்.வி.ரோடு டு பொம்மசந்திரா, 19 கி.மீ. சந்தாபுரத்துக்கு அடுத்த ஊர் தான் பொம்மசந்திரா.

#15 சந்தாபுரவாசி
போனேன் மேடம். சில்க் போர்டு வரைக்கும் சூப்பர், கீழ நிக்கிற கார்களைப் பார்க்கிறப்ப ஒரு அல்ப சந்தோஷம் கூட. அங்கிருந்து பெள்ளந்தூருக்கு நீல லைன் இன்னும் திறக்கல. படியிறங்கி, பலகையைத் தாண்டி, பள்ளத்தைத் தாண்டி பஸ் ஸ்டாப். பஸ் வந்தாலும் அதே நெரிசல். நீல லைன் வந்துட்டா நான் இந்த இழையை மூடிடுவேன்.

#16 அல்சூர்_அக்கா
அந்த ரோட்ல 2019 அக்டோபர்ல பஸ்ஸுக்குன்னு தனி லேன் விட்டாங்க, சில்க் போர்டு டு கே.ஆர்.புரம். நான் அப்போ மாரத்தஹள்ளி போய்ட்டு வந்துட்டு இருந்தேன். முதல் சில வாரம் பஸ் காரை முந்திக்கிட்டுப் போச்சு. ஜன்னலோரம் உட்கார்ந்து மகாராணி மாதிரி வந்திருக்கேன். நட்டு வச்ச குட்டைத் தூணை ஒவ்வொண்ணா இடிச்சாங்க, இடைவெளியில ஆட்டோ நுழைஞ்சுது, அப்புறம் கொரோனா, அப்புறம் மெட்ரோ வேலை. ஒரு ரூபாய்க்கு நிலம் எடுக்காம வந்த ரோடு அது. அதுக்காக யாரும் ஒரு பேனர் கட்டல.

#17 மாரிகுப்பம்_லோக்கல்
நாலு நாளா படிச்சிட்டு இருக்கேன். எல்லாரும் ரோட்டைப் பத்தியே பேசுறீங்க.

எங்க ஊர் கே.ஜி.எஃப்., கோலார் தங்கவயல். தங்கச் சுரங்கத்தை 2001-ல மூடினாங்க. அப்பா கடைசி ஷிஃப்ட் வரைக்கும் இருந்தவர். அதுக்கப்புறம் எங்க ஊர்ல பாதி வீட்டுக்கு வேலை பெங்களூர்ல தான். விடியக்காலைல மாரிகுப்பத்துல ஏறினா உரிகம், கோரமண்டல், பங்காருப்பேட்டை, ஒயிட்ஃபீல்டு, கே.ஆர்.புரம். ரெண்டு மணி நேரம். சீட்டு கச்சேரி, பஜனை, கல்யாணப் பேச்சு, சீட்டுப் பணம் வசூல் எல்லாம் வண்டியிலயே. எங்களுக்கு யாரும் ரிங் ரோடு போடல, நாங்க கேக்கவும் இல்ல. தண்டவாளம் வெள்ளைக்காரன் காலத்துலயே இருந்துச்சு, ஏறி உக்கார்ந்துட்டோம்.

இப்போ சந்தாபுரம் அண்ணனுக்கு ஒரு கேள்வி. உங்க வீட்டுக்கு மூணு கிலோமீட்டர்ல ஹீலலிகேன்னு ஒரு ஸ்டேஷன் இருக்கே, போயிருக்கீங்களா? அதே லைன்ல அடுத்தடுத்து கார்மேலராம், பெள்ளந்தூர் ரோடு. பேரே பெள்ளந்தூர் ரோடு அண்ணா.

#18 சந்தாபுரவாசி
ஆறு வருஷமா இங்க இருக்கேன். சத்தியமா தெரியாது.

#19 நாலுவழி
மாரிகுப்பம் தம்பிக்கு நன்றி, நான் சொல்லியிருக்கவேண்டும். புறநகர் ரயில் திட்டம் மொத்தம் 148 கி.மீ., நான்கு தடம், எல்லாவற்றுக்கும் பூப்பெயர்: சம்பிகே, மல்லிகே, பாரிஜாதா, கனகா. 2020-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல், 2022 ஜூனில் அடிக்கல். கனகா தடம் ஹீலலிகேயில் தொடங்கி பெள்ளந்தூர் ரோடு, பென்னிகானஹள்ளி, எலஹங்கா வழியாக ராஜானுகுண்டே வரை. அவுட்டர் ரிங் ரோட்டுக்கு இணையாகப் போவது போலத்தான். அது ஒருபுறம் இருக்க, பையப்பனஹள்ளி - ஓசூர் இரட்டைப் பாதை வேலையும் நடக்கிறது. ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்கு வழிவிட்டுக் காத்திருப்பதால்தான் காலை வேளையில் அதிக வண்டி விட முடியாமல் இருக்கிறது.

#20 சந்தாபுரவாசி
மூணு வாரம் கழிச்சு வர்றேன். போய்ப் பார்த்துட்டேன், நாலு தடவை.

சந்தாபுரம் சர்க்கிளிலிருந்து ஸ்டேஷனுக்குப் போற ரோடு ரெண்டு கார் எதிரெதிரா வந்தா ஒண்ணு பின்வாங்கணும். பஸ் கிடையாது. பைக்கை ஒரு புங்க மரத்தடியில விட்டேன். அங்க ஏற்கெனவே நாப்பது பைக் இருந்துச்சு. டிக்கெட் விலையைப் பார்த்து சிரிப்பு வந்துடுச்சு, மேம்பால டோல்ல ஒரு சின்னப் பகுதி தான். வண்டி 12 நிமிஷம் லேட். உள்ள ஓசூர்லயிருந்து வர்ற தமிழ்க் கூட்டம், ஒரு அக்கா பூ கட்டிக்கிட்டே வந்தாங்க. கார்மேலராம்ல கொஞ்சம் நின்னு, பெள்ளந்தூர் ரோடு அரை மணிக்குள்ள.

இறங்கினப்புறம் தான் கதை. அங்கிருந்து ஆபீசுக்கு நாலு கிலோமீட்டர். ஃபீடர் பஸ் இல்ல. ஆட்டோ மீட்டர் போடமாட்டேங்குது, ரயில் டிக்கெட்டைப் போல பத்து மடங்கு கேக்குறாங்க. பனத்தூர் பக்கம் குறுகலான ரோட்டுல ஸ்கூல் வேன்களுக்கு நடுவுல நகரணும். வீட்டு வாசல்ல இருந்து சீட்ல உக்கார்ற வரைக்கும் 1 மணி 15 நிமிஷம். கார்ல 1.40. சாயங்காலம் என் ஷிஃப்ட் முடியுற நேரத்துக்கு வண்டி இல்ல, அதனால திரும்பறப்ப பஸ், மெட்ரோ, ஷேர் ஆட்டோ.

#21 பதினாறு_சக்கரம்
வண்டி ஓடற நேரத்தை விட லோடு ஏத்தி இறக்குற நேரம் தான் ஜாஸ்தின்னு எங்க தொழில்ல சொல்லுவோம். உங்களுக்கும் அதே தான்.

#22 நாலுவழி
அவருடைய பயணத்தில் ரயில் அரை மணி, மீதி முக்கால் மணி இரண்டு பக்கத்து ஏழு கிலோமீட்டர். என்னிடம் யாராவது கேட்டால், 73 கி.மீ. வளையத்துக்கு முன்னால் இந்த ஏழு கிலோமீட்டரைச் செய்வேன். சந்தாபுரம் - ஹீலலிகே சாலையைப் பேருந்து போகும் அளவுக்கு அகலப்படுத்த, நடைபாதையோடு, எவ்வளவு நிலம் வேண்டும்? ராகிக்காடு மாமனாரின் வயலில் ஒரு மூலை அளவுதான் வரும் மொத்தமாக. ஆனால் அதற்கு யார் பொறுப்பு? ஸ்டேஷன் ரயில்வேயுடையது, வெளியே இருக்கும் சாலை உள்ளாட்சியுடையது, பேருந்து நகரப் பேருந்துக் கழகமான பி.எம்.டி.சி.யுடையது. இதையெல்லாம் ஒரு மேசையில் வைக்கத்தான் பெங்களூரு பெருநகர நிலப் போக்குவரத்து ஆணையச் சட்டம் 2022-ல் போட்டார்கள்.

#23 ராகிக்காடு
மூலையை எடுத்துக்கச் சொல்லுங்க சார். பிள்ளையாரையும் சேர்த்து.

#24 சந்தாபுரவாசி
மாமனாரிடம் சைட் வேண்டாம்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் பேசல. நேத்து போன் பண்ணி "ஹீலலிகே ஸ்டேஷன் பக்கம் சைட் என்ன விலை மாப்ளே"ன்னு கேக்குறார்.

அது இருக்கட்டும். வர்ற திங்கட்கிழமை காலை வண்டிக்கு ஹீலலிகேயில யாராவது ஏறுறீங்களா? பெள்ளந்தூர் ரோடுல இறங்கி அவுட்டர் ரிங் ரோடு போறவங்க இருந்தா ஒரே ஆட்டோ பிடிக்கலாம். மூணு பேர் சேர்ந்தா கட்டுப்படியாகும்.

#25 மெட்ரோ_மீனா
நான் கார்மேலராம்ல ஏறுவேன். கடைசிலயிருந்து ரெண்டாவது பெட்டி.

#26 கீபோர்டு_கிருஷ்ணகிரி
நானும். ஓசூர்லயே ஏறிடுவேன், சீட் போட்டு வைக்கிறேன். நீல பேக்.

#27 அல்சூர்_அக்கா
தலைப்பை மாத்தவா தம்பி, இல்ல இப்படியே இருக்கட்டுமா?